முற்றிய ஓவரி (சினைப்பை) கேன்சர்: கொங்குப் பக்கம் பேச்சுத்துணை தேடுவது எப்படி

ரிப்போர்ட்டில் மூன்றாம் நிலை, நான்காம் நிலை என்று வந்துவிட்டால் வீடு நிறைய ஆள் சேர்ந்துவிடும். ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு விசாரிக்க வருகிறவர்கள் கேதத்துக்கு வந்த மாதிரி தாழ்ந்த குரலில் பேசுவார்கள். போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "நல்லா இருந்த பொம்பளைங்க" என்பார்கள். அக்கறை இல்லாமல் இல்லை. ஆனால், "மூணாவது கீமோவுக்கு அப்புறம் விரலெல்லாம் மரத்துப்போகுது, ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியல, இது சரியாகுமா?" என்று கேட்டால் அவர்களில் ஒருவருக்கும் பதில் தெரியாது. டாக்டருக்குத் தெரியும், அவருக்கு வெளியே ஐம்பது பேர் காத்திருக்கிறார்கள். அதே மருந்தை உங்களுக்கு ஆறு மாதம் முன்னால் ஏற்றிக்கொண்ட ஒரு பெண்ணிடம் அந்தப் பதில் இருக்கிறது.

அந்தப் பெண்ணைத் தேடிப் பிடிக்கும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். நானும் மூன்றாம் நிலைக்காரிதான். கோயம்புத்தூருக்கும் எங்கள் ஊருக்குமாக அலைகிறவள். பெரிய கூட்டம் தேவையில்லை, கூப்பிட்டால் எடுக்கிற சரியான ஓர் ஆள் போதும் என்பது என் கட்சி.

முதலில், நோயாளிக்கு நோய் தெரியுமா?

நம் பக்கம் ஃபைலை மகன் தூக்கிக்கொண்டு நடப்பான், அம்மாவிடம், "கட்டிம்மா, ஆபரேஷன் பண்ணினா சரியாயிரும்" என்று சொல்லி வைத்திருப்பான். பாசம்தான். ஆனால் கீமோ வார்டில் பக்கத்துக் கட்டில் அம்மாள் முதல் நாளே, "உங்களுக்கு எங்கீங்க கேன்சரு?" என்று கேட்டுவிடுவார். மறைப்பு அதோடு முடிந்தது. அப்புறம் அம்மா தனக்குத் தெரியாதது போல நடிப்பார், மகன் அம்மாவுக்குத் தெரியாது என்று நடிப்பான், இரண்டு பேரும் தனித்தனியாக அழுவார்கள்.

அதனால் சொல்லிவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டாம். "உங்களுக்கு என்ன தெரியணும்னு கேளுங்க, அதை மட்டும் சொல்றேன்" என்று டாக்டரையே வைத்துப் பேசச் சொல்லலாம். தனக்கு என்ன வந்திருக்கிறது என்று தெரியாத ஒருவருக்குத் துணைக்கு ஆள் தேடித் தர யாராலும் முடியாது.

சீட்டு ஒன்று எழுதி பர்ஸில் வையுங்கள்

கேன்சர் வந்தவர்கள் நாலு பேரை உறவுக்காரர்கள் உங்களுக்குக் காட்டுவார்கள். அவர்களில் மூன்று பேருக்கு மார்பகமாகவோ கர்ப்பப்பை வாயாகவோ இருக்கும். அவை வேறு நோய். கர்ப்பப்பை வாய்க்குக் கரண்டு வைப்பதுதான் (கதிர்வீச்சு) பெரும்பாலும் முக்கிய வைத்தியம். ஓவரிக்கு வைத்தியம் ஆபரேஷனும் கீமோவும். இருபத்தைந்து நாள் கரண்டு வைத்துக்கொண்டவர் தரும் யோசனை உங்களுக்குப் பாதிகூடப் பொருந்தாது. ஆகவே டாக்டரிடமோ சிஸ்டரிடமோ கேட்டு, இவ்வளவையும் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள்: என்ன வகை (பலருக்கு 'ஹை கிரேடு சீரஸ்' என்று இருக்கும்), எந்த நிலை, முதலில் ஆபரேஷனா கீமோவா, என்ன மருந்து, இப்போது எத்தனையாவது சுற்று, பி.ஆர்.சி.ஏ. (கோளாறு இருந்தால் இந்த நோய் பரம்பரையாக வரக்கூடிய மரபணு) சோதனை செய்தார்களா.

மூன்றாம் நிலை என்றால் நோய் இடுப்புக் குழியைத் தாண்டி வயிற்றின் உள்சவ்வுக்கோ நிணநீர் முடிச்சுகளுக்கோ போயிருக்கிறது. வயிற்றில் நீர் கோத்துக்கொள்வது இந்தக் கட்டத்தில் சாதாரணம். நான்காம் நிலை என்றால் நுரையீரலைச் சுற்றிய நீரிலோ, ஈரலுக்கு உள்ளேயோ, இன்னும் தள்ளியோ பரவியிருக்கிறது. வழக்கமான மருந்து கார்போபிளாட்டினும் பக்லிடாக்செலும், மூன்று வாரத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் ஆறு சுற்று. வயிறு நிறைய நோய் இருந்தால் மூன்று சுற்று கொடுத்துச் சுருக்கிவிட்டு ஆபரேஷன் செய்து, மீதி மூன்றைப் பிறகு கொடுப்பார்கள். சீட்டில் உள்ளது எந்த அளவுக்கு ஒத்துப்போகிறதோ அந்த அளவுக்கு அந்த ஆள் உங்களுக்குப் பயன்படுவார். கருக்குழாயிலோ வயிற்றுச் சவ்விலோ தொடங்கிய புற்றுநோய்க்கும் இதே வைத்தியம்தான், அவர்களையும் உங்கள் ஆட்களாகவே எண்ணிக்கொள்ளுங்கள்.

எங்கே தேடுவது

கீமோ ஏற்றி அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பும் டேகேர் வார்டைவிட நல்ல இடம் கிடையாது. கோயம்புத்தூருக்குக் கீமோவுக்கு வருகிறவர்கள் திருப்பூர், பொள்ளாச்சி, கோபி, தாராபுரம், நீலகிரி, பாலக்காடு என்று எல்லாத் திசையிலிருந்தும் வருகிறார்கள். சேலத்திலும் பெருந்துறையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. உங்கள் ஊரில் உங்களைத் தவிர இந்த நோய்க்காரர் யாரும் இல்லாமல் இருக்கலாம், அந்த வார்டில் நிச்சயம் இருப்பார்.

எப்போது பேசுவது என்பதில்தான் சூட்சுமம். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கும் காலை நேரம் நல்லது. மருந்துக்கு முன்னால் அலர்ஜி வராமல் இருக்க ஊசி போட்டதும் கண் சொக்க ஆரம்பித்துவிடும். பக்லிடாக்செல் இறங்க மூன்று மணி நேரம் ஆகும், அதில் பாதி நேரம் தூக்கம்தான். சொட்டு ஏறும் பம்ப் நடுநடுவே கீ கீ என்று கத்தும், சிஸ்டர் வந்து தட்டிவிட்டுப் போவார். அந்த நேரத்தில் பேச்சுக் கொடுத்தால் எரிச்சல்தான் வரும். காலையில், வராண்டா பெஞ்சில் உட்கார்ந்து, "எத்தனாவது சைக்கிளுங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இந்த வார்டில் இதைவிடச் சகஜமான விசாரிப்பு கிடையாது. "அஞ்சாவதுங்க, உங்களுக்கு?" என்று பதில் வந்தால் பேச்சு ஆரம்பித்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டால் விட்டுவிடுங்கள். அன்றைக்கு அவருக்குச் செய்தி நல்லதாக இருந்திருக்காது.

ஒத்துப்போகிற ஆள் கிடைத்துவிட்டால் அடுத்த வேலை தேதியைச் சேர்த்துப் போடுவது. இரண்டு பேருக்கும் மூன்று வாரச் சுற்று என்றால் ஒரே கிழமையில் போடச் சொல்லி சிஸ்டரைக் கேளுங்கள். முடிந்தவரை செய்து தருவார்கள். இருபத்தொரு நாளைக்கு ஒருமுறை அடுத்தடுத்த கட்டிலில் படுப்பவர்களுக்குள் வளரும் உறவு சம்பந்திகளுக்குள்கூட வளராது.

வார்டில் யாரும் அமையவில்லை என்றால் ஆளைக் கேட்டு வாங்க வேண்டும். ஆன்காலஜி டாக்டர், டேகேர் சிஸ்டர், மருத்துவமனையின் சமூகப் பணியாளர், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட கவுன்டரில் இருப்பவர் ஆகிய நான்கு பேருக்கும் ஆட்கள் தெரியும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை அந்தத் திட்டத்தில் கிடைப்பதால் பெரும்பாலான ஃபைல்கள் அந்த கவுன்டரைத் தாண்டித்தான் போகின்றன. ஆனால் கேட்கும் விதம் முக்கியம். "அவங்க நம்பர் குடுங்க" என்று கேட்டால் கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. "என் நம்பரை அவங்ககிட்டக் குடுங்க, விருப்பமிருந்தா அவங்களே கூப்பிடட்டும்" என்று கேளுங்கள். ஒரு தாளில் பெயர், நோய், நிலை, பேச வசதியான நேரம் எழுதிக் கையில் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

வலி நிவாரணப் பிரிவையும் எட்டிப் பாருங்கள். கடைசிக் காலத்துக்கு என்று நினைத்துப் பயந்து அந்தப் பக்கமே போகாதவர்கள் அதிகம். வலி, வாந்தி, வயிற்றுநீர், தூக்கமின்மை எல்லாவற்றையும் கீமோ நடக்கும்போதே அங்கே பார்ப்பார்கள். அவசரமில்லாமல் உட்கார்ந்து பேசும் நர்சுகள் இருக்கும் இடமும் அதுதான். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இந்தச் சேவை வீட்டுக்கே வரும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துகொள்ளுங்கள்.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ திருவனந்தபுரம் புற்றுநோய் மையத்துக்கோ போகிறவர்கள் அங்கேயும் நம் பக்கத்து ஆளையே தேடுங்கள். சென்னைக்குப் போகும் சேரன், நீலகிரி, ஏற்காடு எக்ஸ்பிரஸ்களில் ஃபைல் கவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ரயில் கட்டணத்தில் நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் சலுகை உண்டு. அதற்கான சான்றிதழை மருத்துவமனையில் கேட்டு வாங்க வேண்டும்.

கூட்டம் எதுவென்று கேட்பார்கள்

கொங்குக்காரர் இரண்டு பேர் பேச ஆரம்பித்தால் ஐந்து நிமிடத்தில் "எந்த ஊருங்க, என்ன கூட்டமுங்க?" என்று குலத்தை விசாரிப்பதில் வந்து நிற்கும், பத்தாவது நிமிடத்தில் பொதுவான ஒரு சொந்தக்காரர் அகப்படுவார். கல்யாண மண்டபத்தில் அது நல்ல விஷயம். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டுக்கு இந்தச் சங்கிலி பெரிய பயம். அந்தப் பயத்தைப் பழமைவாதம் என்று சொல்லி நான் ஒதுக்க மாட்டேன். சம்பந்தம் தட்டிப்போன வீடுகளை நானே பார்த்திருக்கிறேன்.

அதனால் ஊரைச் சொல்லுங்கள், கூட்டத்தைச் சொல்லாமல் விடுங்கள். கேட்டால், "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாமுங்க" போதும். முடிந்தால் உங்கள் ஊர்ப் பக்கமே இல்லாத ஆளாகப் பாருங்கள், காங்கேயத்துக்காரருக்கு நாமக்கல்காரர் சரியாக இருப்பார். போனில் பெயரை 'தையல்காரக்கா' என்று போட்டு வைத்துக்கொண்டவர்கள் உண்டு. வீட்டுக்கு ஆள் வந்திருக்கும்போது கூப்பிட்டால் என்ன சொல்லி வைப்பது என்பதையும் முதல் நாளே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

மகள்களைப் பற்றி இன்னொன்று. பி.ஆர்.சி.ஏ. கோளாறு தாய்க்கு இருந்தால் மகனோ மகளோ ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இதை வீட்டில் எப்படிச் சொன்னோம், மருமகனிடம் சொன்னோமா என்பதெல்லாம் ஏற்கனவே சொல்லி முடித்த ஒரு தாயிடம்தான் கேட்க முடியும். அப்படி ஒருவர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

முதல் போன்

கீமோ முடிந்த மறுநாள் ஸ்டீராய்டு தெம்பில் பலர் நன்றாகவே இருப்பார்கள். மூன்றாம் நாளிலிருந்து உடம்பெல்லாம் அடித்துப் போட்ட வலி. எனவே முதல் வாரத்தில் கூப்பிட வேண்டாம். இரண்டாம் வாரத்தில் போனில் பேசலாம், ஆனால் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும், நேரில் போய்ப் பார்ப்பது சரியில்லை. நேரில் சந்திப்பதாக இருந்தால் மூன்றாம் வாரம்.

"வணக்கமுங்க அக்கா. டேகேர் சிஸ்டர் சொன்னாங்க, எனக்கும் ஓவரிதானுங்க, மூணாவது நிலை. இப்பப் பேசலாமுங்களா, இல்ல சாயங்காலமாக் கூப்பிடட்டுங்களா?" என்று தொடங்குங்கள். இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள், அதுதான் அவருக்கு நீங்கள் கொடுக்கும் மரியாதை.

கேட்கக் கூடாத கேள்வி எதுவும் இல்லை என்று நினைத்துக் கேளுங்கள். முடி எப்போது கொட்டும் என்பதில் தொடங்கலாம். முதல் கீமோவிலிருந்து இரண்டு மூன்று வாரத்தில் தலையணையில் தெரிய ஆரம்பிக்கும். பழனிக்கு வேண்டுதல் என்று சொல்லி முன்கூட்டியே மொட்டை அடித்துக்கொண்டு, ஊர்க் கேள்வியையெல்லாம் அந்த ஒரே பதிலில் அடைத்தவர்களை எனக்குத் தெரியும். வாயில் எதுவும் ருசிக்காத வாரத்தில் ஒருவருக்குப் பச்சைப்புளி ரசம் இறங்கியிருக்கும், இன்னொருவருக்கு அரிசிம்பருப்புச் சோறு. மலச்சிக்கலுக்கு என்ன செய்தார்கள், ஓவரியை எடுத்த பிறகு திடீர் திடீரென்று உடம்பு கொதிப்பதை எப்படிச் சமாளித்தார்கள், குடலையும் வெட்டி வயிற்றில் பை வைத்தார்கள் என்றால் அதோடு பஸ்ஸில் எப்படிப் போனார்கள், வீட்டுக்காரரோடு படுக்கை எப்படி என்பது வரை கேளுங்கள். இதையெல்லாம் நாத்தனாரிடமோ மகளிடமோ கேட்க வாய் வராது.

இரண்டு விஷயம் மட்டும் வேண்டாம். "டாக்டர் உங்களுக்கு எத்தனை வருஷம் சொன்னாரு?" என்று கேட்காதீர்கள். சிஏ 125 எண்ணை (நோயின் போக்கைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை அளவு) ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள். 35-க்குக் கீழே இருந்தால் சாதாரணம் என்பார்கள், ஆனால் ஒருவருக்கு ஆயிரத்தில் தொடங்கி இறங்கும், இன்னொருவருக்கு நூறிலேயே நிற்கும். அவரவர் எண் அவரவர் வைத்தியத்தோடு மட்டுமே பேசும்.

பேச்சுத்துணையிடம் கேட்கவே கூடாத நேரமும் உண்டு. கீமோ நடக்கும் காலத்தில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், அல்லது வயிறு உப்பி வாந்தி நிற்காமல் மலமும் காற்றும் போகாமல் இருந்தால், நேராக மருத்துவமனை. அக்காவுக்குப் போன் அப்புறம்.

வாட்ஸ்அப் குழுக்கள்

சேரலாம். சேர்ந்ததும் சத்தத்தை அணைத்துவிட்டு ஒரு வாரம் வேடிக்கை மட்டும் பாருங்கள். நோய் திரும்ப வந்த ஒரு பெண் அந்தக் குழுவில் வாய் திறந்து பேசுகிறாரா என்பதுதான் என் சோதனை. பேசினால் நல்ல குழு. "தைரியமா இருந்தேன், ஜெயிச்சேன்" என்பவர்கள் மட்டுமே பேசும் குழுவில் மூன்றாம் நிலைக்காரிக்கு வேலை இல்லை. திரும்ப வந்தவளுக்கு என்ன தைரியம் குறைந்தா போயிற்று?

முள்சீத்தா இலை, கோமியம், "கீமோவே வேண்டாம், எங்க வைத்தியர்கிட்ட வாங்க" என்று வரும் செய்திகளுக்கு அட்மின் என்ன செய்கிறார் என்று பாருங்கள். அழித்தால் இருங்கள், கைதட்டினால் வெளியே வந்துவிடுங்கள். பவுடர் விற்கிறவர், ஆதார் கேட்கிறவர், சிகிச்சைக்கு உதவித்தொகை வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கிறவர் எல்லாரும் ஒரே ரகம்தான். மஞ்சளைப் பற்றியும் யாராவது கட்டாயம் சொல்வார்கள். ஈரோட்டு மஞ்சள் நம் சரக்கு, குழம்பில் தாராளமாகப் போடுங்கள். மாத்திரையாக விழுங்குவதற்கு முன் டாக்டரைக் கேளுங்கள்.

மே 8 உலக ஓவரி கேன்சர் தினம். அதையொட்டி மருத்துவமனைகள் ஏதாவது கூட்டம் நடத்தினால் போய் வாருங்கள். மேடைப் பேச்சை விட, டீ இடைவேளையில்தான் ஆள் கிடைக்கும்.

ராத்திரி இரண்டு மணிக்கு மனசு நிலைகொள்ளாமல் போனால் யாரையும் எழுப்பத் தயங்க வேண்டியதில்லை. 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசுவார்கள், காசு இல்லை.

வீட்டுக்காரருக்கும் ஓர் ஆள் வேண்டும்

ஆண்கள் பேச மாட்டார்கள். பில் கட்டுவது, ரத்தம் ஏற்பாடு செய்வது, கார் பிடிப்பது என்று ஓடிக்கொண்டே இருப்பார்கள், மனசில் உள்ளதை யாரிடமும் சொல்ல மாட்டார்கள். மருத்துவமனைக்கு வெளியே டீக்கடையில் இரண்டு புருஷன்மார் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் முதலில் லாரி வாடகை, தறிக்கூலி, மழை என்று போகும். அப்படியே போகட்டும். மூன்றாவது முறை சந்திக்கும்போது, "ராத்திரி தூக்கம் வருதுங்களா?" என்று ஒருவர் கேட்பார். இதற்கு ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை, அவரைக் காத்திருக்கும் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு மகன் மருந்துச் சீட்டோடு போனாலே போதும்.

திரும்ப வந்தால், ஆளே போய்விட்டால்

இந்தப் பகுதியைப் பலர் எழுதாமல் தாண்டிவிடுகிறார்கள். முற்றிய ஓவரி கேன்சர் பெரும்பாலோருக்குச் சில வருடங்களில் திரும்ப வருகிறது. பிளாட்டினம் மருந்து (கார்போபிளாட்டின் அந்த வகை) முடிந்து ஆறு மாதத்துக்கு மேல் கழித்து வந்தால் பெரும்பாலும் அதே வகை மருந்தை மறுபடி கொடுப்பார்கள், அதற்குள் வந்தால் வேறு மருந்து. இரண்டு மூன்று முறை வந்தும் சந்தைக்குப் போய்க்கொண்டு, பேரனுக்குச் சந்தகை பிழிந்துகொண்டு இருப்பவர்கள் உண்டு. முதல் வைத்தியம் முடிந்ததுமே அப்படி ஒருவரின் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வந்த அன்றைக்குத் தேட முடியாது.

நீங்கள் துணையாகப் பிடித்த அக்கா உங்களுக்கு முன்னால் போய்விடவும் கூடும். அப்போது கேதத்துக்குப் போக வேண்டுமா என்று குழப்பம் வரும். நம் ஊரில் கேதத்துக்குப் போகாதது பெரிய குற்றம். ஆனால் ரத்த அணுக்கள் குறைந்திருக்கும் வாரத்தில் கூட்டத்துக்குப் போகாதீர்கள், மகனையோ வீட்டுக்காரரையோ அனுப்புங்கள். போகத் தெம்பில்லை என்றாலும் அதே ஏற்பாடுதான். பதினாறு நாள் கழிந்து அவருடைய மகளுக்கு ஒரு போன் பண்ணி, "உங்கம்மா எனக்கு இன்னின்னது சொல்லிக் குடுத்தாங்க கண்ணு" என்று சொல்லுங்கள். அந்தப் பெண்ணுக்கு அது வேண்டியிருக்கும். உயிரோடு இருக்கும்போதே அந்த அக்காவிடமும் இதைப் பேசி வைக்கலாம்: செய்தியை யார் உங்களுக்குச் சொல்வார்கள், குழுவில் போட வேண்டுமா வேண்டாமா என்று. பேசுவதற்குக் கஷ்டமான பேச்சுதான், ஆனால் தொடங்கியவுடன் இரண்டு பேருமே சிரித்துவிடுவதுதான் நடக்கும்.

நம்பர் கொடுக்கும் முறை உங்களுக்கு வரும்போது

ஆறு சுற்று முடிந்து சில மாதம் ஆனதும் டேகேர் சிஸ்டர் உங்கள் பெயரை யாரிடமாவது சொல்லலாமா என்று கேட்பார். உடனே தலையாட்ட வேண்டாம். ஸ்கேன் எடுத்து ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் வாரத்தில் புது ஆளின் அழுகையைக் கேட்க உங்களுக்கே தெம்பிருக்காது. ஒரு நேரத்துக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்து அளவு, எந்த டாக்டர் நல்லவர், ஆபரேஷன் வேண்டுமா என்பதற்கெல்லாம் பதில் சொல்லாதீர்கள். உங்களுக்கு என்ன நடந்தது என்று மட்டும் சொல்லுங்கள். கூப்பிடுகிறவர் சாக வேண்டும் என்பது போல் ஏதாவது பேசினால் அதைத் தனியாகச் சுமக்காமல் அவர் வீட்டாருக்கும் மருத்துவமனைக்கும் சொல்லிவிடுங்கள்.

கீமோ வாரத்தில் போனை மகளிடம் கொடுத்துவிடுங்கள். என் மகள், "அம்மா திங்கக்கிழமை பேசுவாங்க அக்கா, அவசரம்னா சொல்லுங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுவாள். இதுவரை கூப்பிட்டவர்கள் யாரும் கோபித்துக்கொண்டதில்லை.